சோலார் விளக்கு, புது அடுப்பு: கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையாலும் மண்சரிவாலும் வீட்டை விட்டு வெளியேறி, பாடசாலையிலும் கோயில் மண்டபத்திலும் உறவினர் வீட்டிலும் தங்கியிருந்து, இப்போது ஸ்பிரிங்வெளிக்கும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் திரும்பும் குடும்பங்களுக்காக இந்தப் பாடம் எழுதப்பட்டது. தனியாக வாசிக்கலாம். மாதர் சங்கத்திலோ லயத்து வாசலிலோ நாலைந்து பேர் கூடி, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுப் பேசுவது இன்னும் நல்லது.

வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் உங்கள் வாசலுக்குப் பலர் வருவார்கள். ஒருவர் சோலார் விளக்கு தருவார். ஒருவர் புகை குறைந்த அடுப்பு தருவார். இன்னொருவர் மாதத் தவணையில் சோலார் தொகுதி மாட்டித் தருவதாகச் சொல்வார். எல்லோர் கையிலும் ஒரு படிவம் இருக்கும், கையெழுத்து கேட்பார்கள். இழந்துவிட்டு வந்திருக்கும் நேரத்தில் வருவதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் கேட்காமல் வாங்கிய பொருள் ஆறு மாதத்தில் மூலைக்குப் போய்விடும், கேட்காமல் எடுத்த கடன் மூலைக்குப் போகாது.

இந்தப் பாடத்தில் நீங்கள் அறியப்போவது

- சுத்தமான சக்தி உங்கள் குடும்பத்துக்கு ஏன் தேவை
- நம் நாட்டில் மக்கள் எவற்றை ஏற்றுக்கொண்டார்கள், எவற்றைக் கைவிட்டார்கள், ஏன்
- எதையும் ஏற்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்
- ஊவா மலைக்கு எது பொருந்தும், எதில் கவனம் தேவை

எல்லாவற்றுக்கும் முன் இரண்டு விடயம்

ஒன்று, உங்கள் லயமோ வீடோ இருக்கும் இடம் பாதுகாப்பானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன பிறகே அங்கு குடியேறுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பாதுகாப்பில்லாத இடத்தில் மாட்டிய சோலாரால் பயனில்லை.

இரண்டு, தண்ணீர் புகுந்த வீட்டிலோ சுவர் நகர்ந்த வீட்டிலோ பழைய மின்கம்பிகளை நீங்களே தொட வேண்டாம். தகுதியுள்ள மின்வினைஞர் பார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். அறுந்து கிடக்கும் கம்பியைக் கண்டால் கிட்டப் போகாமல் மின்சார சபைக்கு 1987 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள்.

சுத்தமான சக்தி எதற்கு?

வெயில், காற்று, ஓடும் தண்ணீர், சாணம் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் சக்தியையும், விறகைக் குறைவாக எரித்து வேலையை முடிக்கும் அடுப்பையும் சேர்த்து இந்தப் பாடத்தில் சுத்தமான சக்தி என்கிறோம்.

இதன் முதல் தேவை அடுப்படியில் இருக்கிறது. லயத்துக் குசினி பெரும்பாலும் சிறியது, யன்னல் குறைந்தது. ஈர மிலாறும் பச்சை விறகும் எரியும்போது புகை வெளியே போக வழியில்லை. உலகம் முழுவதும் வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. சிறு பிள்ளைகளின் நிமோனியா, சமைக்கும் பெண்களின் நாட்பட்ட நுரையீரல் நோய், கண்புரை, நிறை குறைந்த குழந்தை பிறப்பு எல்லாவற்றுக்கும் இந்தப் புகையோடு தொடர்பு உண்டு. காலையில் கொழுந்தெடுக்கப் போகும் முன் ரொட்டி சுடும் அந்த ஒரு மணி நேரத்தில் அம்மாவின் இடுப்பில் இருக்கும் கைக்குழந்தையும் அதே புகையைத்தான் சுவாசிக்கிறது.

இரண்டாவது தேவை வெளிச்சம். கரண்ட் இல்லாத இரவில் கோழி முட்டை அளவு வெளிச்சத்துக்காக ஏற்றும் குப்பிலாம்பு சாய்ந்தால், பலகைத் தடுப்பும் துணியும் நிறைந்த காம்பராவில் நெருப்பு நொடியில் பரவும்.

மூன்றாவது தேவை, புயலுக்குப் பிறகு எல்லோருக்கும் விளங்கிய ஒன்று. கைபேசியில் சார்ஜ் இல்லாவிட்டால் மண்சரிவு எச்சரிக்கை வந்து சேராது, உதவிக்கு அழைக்கவும் முடியாது. கைபேசியைச் சார்ஜ் செய்யக்கூடிய ஒரு சிறு சோலார் விளக்கு மழைக்கால இரவில் உயிர் காக்கும் பொருள்.

மக்கள் ஏற்றுக்கொண்டவை

நல்ல பொருள் என்றால் மக்கள் தாமாகவே ஏற்றுக்கொள்வார்கள் என்று திட்டம் போடுபவர்கள் நினைப்பதுண்டு. நம் நாட்டு அனுபவம் அப்படியில்லை.

அனகி அடுப்பைப் பாருங்கள். சிங்களத்தில் அனகி என்றால் விலைமதிப்பற்றது. மண்ணால் ஒரே துண்டாகச் செய்த இரட்டைப் பானை அடுப்பு இது. முன்வாயில் எரியும் நெருப்பு முதல் பானையைச் சூடாக்கி, மிச்ச வெப்பம் உள்வழியாக இரண்டாவது பானைக்குப் போகும். ஒரு பக்கம் சோறு கொதிக்கும்போது மறுபக்கம் கறி சூடாகும். சரியாகப் பாவித்தால் மூன்று கல் அடுப்பைவிட விறகு குறைவாகச் செலவாகும்.

1980களில் புது அடுப்புகளைப் பரப்பத் தொடங்கியபோது, துண்டு துண்டாக வந்த அடுப்பை வீட்டுக்கு வந்து பொருத்த பயிற்சி பெற்ற ஆட்கள் தேவைப்பட்டார்கள். திட்டத்தின் பணம் இருக்கும்வரை அது நடந்தது. பிறகு மட்பாண்டத் தொழிலாளர்களுக்கே ஒரே துண்டு அடுப்பைச் செய்யப் பழக்கி, பானை சட்டி விற்கும் அதே கடையிலும் சந்தையிலும் விற்க விட்டார்கள். அதன் பிறகுதான் அது நாடு முழுக்கப் போனது. உடைந்தால் அடுத்த சந்தை நாளில் இன்னொன்று வாங்கலாம். யாரிடமும் படிவம் நிரப்ப வேண்டியதில்லை. பழைய சட்டி, பழைய விறகு, பழைய சமையல் எதையும் மாற்றச் சொல்லாத அடுப்பு என்பதால் பெண்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

இன்னொரு உதாரணம் விளக்கு. இது சுத்தமான சக்தி அல்ல, மண்ணெண்ணெய்தான். ஆனால் மக்கள் ஒரு பொருளை எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் குறைவு. குப்பிலாம்பு கவிழ்ந்து எரிந்துபோனவர்களுக்குச் சிகிச்சை செய்துவந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, கட்டையான, கனமான, இரண்டு பக்கம் தட்டையான கண்ணாடி விளக்கு ஒன்றை உருவாக்கினார். தட்டினாலும் எளிதில் சாயாது, சாய்ந்தாலும் உருளாது. திருகு மூடி இருப்பதால் எண்ணெய் சிந்தாது. அதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மின்சாரம் இல்லாத ஏழை வீட்டிடம் போய் மின்விளக்கு வாங்கு என்று அவர் சொல்லவில்லை. அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்த பொருளைப் பாதுகாப்பானதாக்கி, மலிவாகக் கொடுத்தார்.

மக்கள் கைவிட்டவை

2002 முதல் 2011 வரை உலக வங்கிக் கடனுதவியோடு நடந்த கிராமிய வலுசக்தித் திட்டத்தில், மின்கம்பி போகாத ஊர்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சோலார் தொகுதிகள் கிடைத்தன. பெரும்பாலானோர் நுண்கடனில் வாங்கினார்கள். பிள்ளைகள் வெளிச்சத்தில் படித்தார்கள், வானொலி பாடியது. ஆனால் மின்கம்பி எந்த ஊருக்கு எந்த ஆண்டு வரும் என்பது கடன் எடுத்தவர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. தவணை முடியும் முன்பே பல ஊர்களுக்குக் கரண்ட் வந்தது. சோலார் தகடு கூரையில் சும்மா கிடக்க, கடன் மட்டும் பாக்கி நின்றது. விற்ற நிறுவனங்கள் கிளைகளை மூடியதும் பற்றரி மாற்றவும் ஆள் இல்லாமல் போனது. தகட்டில் எந்தக் குறையும் இல்லை. வாங்கியவர்களுக்கு எதிர்காலம் பற்றிய உண்மை சொல்லப்படாததுதான் குறை.

ஓடைத் தண்ணீர் மின்சாரத்தின் கதையும் கேட்கத்தக்கது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலேயே மலையகத் தோட்டங்கள் பலவற்றில் ஓடையைத் திருப்பி இஸ்டோர் இயந்திரங்களை ஓட்டினார்கள். தேசிய மின்சாரம் வந்ததும் அவற்றில் பெரும்பாலானவை துருப்பிடித்தன. பிறகு 1990களிலிருந்து, முக்கியமாக சப்ரகமுவ மலைக் கிராமங்களில், மக்களே சங்கம் அமைத்து, சிரமதானத்தில் வாய்க்கால் வெட்டி, சிறு நீர்மின் நிலையங்களைக் கட்டினார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவை இப்படி உருவாயின. தங்கள் கையால் கட்டியதால் இயந்திரம் நின்றால் தாங்களே இரவோடு இரவாகப் போய்ப் பார்த்தார்கள். அங்கும் மின்சார சபைக் கம்பி வந்த பிறகு பல நிலையங்கள் கைவிடப்பட்டன. கம்பி வரும்போது தம் மின்சாரத்தை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே யோசித்த ஊர்கள் சிலவே.

சமையல் எரிவாயுவும் நமக்கு ஒரு பாடம் கற்பித்தது. 2021 இறுதியில் சிலிண்டர் வெடிப்புகள், 2022இல் நாட்கணக்கில் வரிசை, மார்ச் மாத முடிவில் ஒரு நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு. காஸ் அடுப்புக்கு மாறிய வீடுகள் மறுபடி விறகுக்குப் போயின. இந்தியாவிலும் இதே மாதிரி நடந்தது. 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வாலா திட்டத்தில் 2019 செப்டம்பருக்குள் 8 கோடி ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்புக் கிடைத்தது. ஆனால் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்குப் பணம் இல்லாத வீடுகளில் விறகடுப்பே தொடர்ந்து எரிந்தது. முதல் முறை இலவசமாகக் கிடைப்பது வேறு, மாதாமாதம் தாங்குவது வேறு.

அதனால் பழைய அடுப்பை முற்றாக இடித்துவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். புதியது நம்பகமானது என்று தெரியும்வரை இரண்டையும் வைத்திருப்பது உங்கள் புத்திசாலித்தனம்.

பெரிய திட்டங்கள்: உமா ஓயாவும் மன்னாரும்

சுத்தமான சக்தி என்றாலே எல்லோருக்கும் நல்லது என்று முடிவு கட்ட முடியாது என்பதை நம் பதுளை மாவட்டமே நாட்டுக்குக் காட்டியது.

உமா ஓயா பல்நோக்குத் திட்டத்தில், வெலிமடைப் பக்கம் புகுல்பொல, டயரபா என்ற இரண்டு அணைகளில் தண்ணீரைத் தடுத்து, 15 கிலோமீற்றருக்கும் நீளமான சுரங்கம் வழியாக நிலத்தடி மின்நிலையத்துக்குக் கொண்டுபோய், பிறகு வெல்லவாயப் பக்கத்து வறண்ட நிலங்களுக்குத் திருப்புகிறார்கள். 120 மெகாவாட் மின்சாரம், கீழ்நாட்டுக்குப் பாசனம். நோக்கம் நல்லதே.

2014 டிசம்பரில் பண்டாரவளைப் பக்கம் சுரங்கம் தோண்டும்போது பாறை வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் பீறிட்டது. மலையின் உள்ளே தேங்கியிருக்கும் நிலத்தடி நீர்தான் நம் கிணறுகளுக்கும் ஊற்றுகளுக்கும் தாய். அதற்குக் கீழே துளை விழுந்தால், அடியில் ஓட்டை விழுந்த குடம் போலத் தண்ணீர் இறங்கிவிடும். கிணறுகள் வற்றின. நீர் இறங்கிய மண் அமுங்கியதில் ஆயிரக்கணக்கான வீடுகளில் வெடிப்பு விழுந்தது. 2017இலும் பெரிய கசிவு ஏற்பட்டது. அந்த ஜூன் மாதம் பண்டாரவளையில் கடைகளை மூடி மக்கள் பெருந்திரளாகத் தெருவில் இறங்கினார்கள். கசிவை அடைத்து வேலையை முடித்து, 2024 ஏப்ரல் 24ஆம் திகதி திட்டம் திறந்து வைக்கப்பட்டது.

பண்டாரவளை மக்கள் மின்சாரத்தை எதிர்த்தவர்கள் அல்லர். குடிதண்ணீருக்காகவும் வீட்டுச் சுவருக்காகவும் பேசினார்கள்.

மன்னாரிலும் இதேபோன்ற குரல் எழுந்தது. மின்சார சபையின் தம்பபவனி காற்றாலைப் பண்ணை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. 30 காற்றாடிகள், 100 மெகாவாட்டுக்குச் சற்றுக் கூடுதல். நாட்டுக்கு மலிவு மின்சாரம். தீவில் மேலும் காற்றாடிகள் வரத் தொடங்கியபோது, மழைத் தண்ணீர் கடலுக்கு வடியும் வழி அடைபடுகிறது, மீன்பிடி பாதிக்கிறது, வலசைப் பறவைகள் வரும் இடம் கெடுகிறது என்று மன்னார் மக்கள் முறையிட்டார்கள். 2025 ஆகஸ்டில் அவர்கள் வீதிக்கு வந்து போராடியதைத் தொடர்ந்து, பேச்சுவார்த்தைக்காக வேலை ஒரு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது.

இரண்டு இடத்திலிருந்தும் உங்களுக்கு ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. பாதிப்பு வந்த பிறகு, அது முன்பே இருந்த வெடிப்பா, புதிதாக வந்ததா என்பதில்தான் இழுபறி நடக்கும். எனவே வீடு திரும்பிய அன்றே சுவர், தரை, கூரை, கிணறு அல்லது பீலி, வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேடு எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்துத் திகதியோடு வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் நிற்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். இடிந்த வீட்டுக்கான நட்டஈட்டுக்கும் இது உதவும், நாளை பக்கத்தில் ஏதாவது திட்டம் வந்தாலும் உதவும்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

யார் வந்து எதைத் தந்தாலும், நாங்கள் தந்தாலும்கூட, இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. இது யாருடையது? பொருள் உங்கள் பெயரிலா, தோட்டத்தின் பெயரிலா, நிறுவனத்தின் பெயரிலா? லயத்துக் கூரை பெரும்பாலும் ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதல்ல. நான்கைந்து காம்பராக்களுக்கு ஒரே கூரை, அதுவும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில். தகடு மாட்டத் தோட்டத்தின் அனுமதி எழுத்தில் இருக்கிறதா? வீடு மாறினால் அதைக் கழற்றிக்கொண்டு போகலாமா? கூரையில் மாட்டி மின்சார சபைக்கு மின்சாரம் விற்கும் முறை 2016இல் தொடங்கிய சூரிய சக்தித் திட்டத்தின் பிறகு பரவலானது. ஆனால் அதற்கு உங்கள் பெயரில் மின்கணக்கும் கூரை மீது உரிமையும் வேண்டும். இவை இல்லாதவரிடம் மாத வருமானம் வரும் என்று யாராவது சொன்னால், முதலில் இதைக் கேளுங்கள்.

2. முழுச் செலவு எவ்வளவு? மாதத் தவணையை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரு உதாரணக் கணக்கு: கையில் காசு கொடுத்தால் 30,000 ரூபா விலையுள்ள தொகுதியை மாதம் 2,000 வீதம் 24 மாதம் கட்டினால் மொத்தம் 48,000 ரூபா. 18,000 ரூபா கூடுதல். இதை இப்போது மண்ணெண்ணெய்க்கும் மெழுகுதிரிக்கும் கைபேசி சார்ஜுக்கும் மாதம் நீங்கள் செலவழிக்கும் காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தவணை சம்பளத்தில் பிடிக்கப்படுமா என்றும் கேளுங்கள். வேலை நாள் குறைந்த மாதத்திலும் அந்தப் பிடிப்பு நிற்காது.

3. பழுதானால் யார் வருவார்? பெயர், தொலைபேசி இலக்கம், கடை இருக்கும் ஊர் மூன்றும் எழுத்தில் வேண்டும். பதுளையிலோ பசறையிலோ ஹாலிஎலயிலோ உதிரிப்பாகம் கிடைக்குமா? பற்றரி எத்தனை வருடம் உழைக்கும், மாற்ற எவ்வளவு? உத்தரவாதப் பத்திரத்தைப் படிவத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

4. இது எதைச் செய்யாது? பொருளைத் தருபவர் அதன் நன்மையைத்தான் சொல்வார். மூன்று நாள் வெயில் இல்லாவிட்டால் விளக்கு எரியுமா? இதில் அயன் பண்ணலாமா, தண்ணீர் கொதிக்க வைக்கலாமா? பெரிய குண்டானை இந்த அடுப்பு தாங்குமா? ஒரு குறையும் இல்லை என்று பதில் வந்தால், இன்னொருவரிடமும் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

5. வேண்டாம் என்றால் என்ன ஆகும்? மனிதாபிமான உதவியில், ஒரு பொருளை மறுத்ததற்காக இன்னொரு நிவாரணத்தை நிறுத்தக் கூடாது. அடுப்பை மறுத்த குடும்பத்தின் பெயரைக் கூரைத்தகடு பட்டியலிலிருந்து வெட்டக் கூடாது. அப்படி நடந்தால் பிரதேச செயலகத்தில் முறையிடுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று ஒரு வாரம் கேட்பதும் உங்கள் உரிமை.

ஊவா மலைக்கு எது பொருந்தும்?

சோலார் விளக்கு. நம் பக்கம் பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. அந்த மாதங்களில் மேகமும் பனிமூட்டமும் இருப்பதால் பற்றரி முழுதாக நிறையாது. விளக்கை இரண்டு நாள் தேவைக்குக் கணக்குப் போட்டு வாங்குங்கள். நமுனுகுல மலைச்சாரலில் வெயில் விழும் நேரம் லயத்துக்கு லயம் மாறும். தகடு மாட்டும் முன் ஒரு நாள் முழுக்க எந்த இடத்தில் நிழல் விழுகிறது என்று பாருங்கள். தகடு தெற்கே பார்த்து, தண்ணீர் வழியும் அளவு சாய்வாக இருக்கட்டும். அஸ்பெஸ்டஸ் கூரையைத் துளையிட வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. பழைய லயங்களின் மரச்சட்டம் உக்கியிருந்தால் கூரைக்குப் பதிலாக முற்றத்துக் கம்பத்தில் மாட்டலாம். பழைய பற்றரியை உடைக்கவோ எரிக்கவோ கூடாது, விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

புது அடுப்பு. கவ்வாத்து மிலாறு கிடைக்கும் தோட்டத்துக்கு அனகி அடுப்பு நன்றாகப் பொருந்தும். விறகைச் சிறிதாக வெட்டி, காயவைத்து, குறைவாக வைக்க வேண்டும். நீள விறகை வாயில் திணித்தால் புகைதான் கூடும். களிமண் பூசிப் பொருத்தினால் அடுப்பு நீண்ட நாள் உழைக்கும். இந்த அடுப்பிலும் புகை முற்றாக நிற்காது. யன்னலோ புகைபோக்கியோ கட்டாயம் வேண்டும். அடைபட்ட பழைய புகைக்கூண்டை அடுப்பு வைக்கும் முன் சுத்தம் செய்யுங்கள். இன்னொரு காரணத்துக்காகவும் விறகு மிச்சம் முக்கியம். லயத்துக்கு மேலே உள்ள சரிவில் மரங்களை வெட்டினால், மண்ணைப் பிடித்திருக்கும் வேர்கள் அழுகிச் சில வருடங்களில் பிடிமானம் போய்விடும்.

சாணவாயு. தினமும் கொட்டிலில் கட்டும் இரண்டு மூன்று மாடுகளும் போதிய தண்ணீரும் இருந்தால் ஒரு குடும்பத்துச் சமையலின் பெரும்பகுதிக்குப் போதும். மிஞ்சும் கரைசல் மரக்கறித் தோட்டத்துக்கு நல்ல உரம். தினமும் சாணம் கரைக்க ஆள் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். அந்த வேலை கொழுந்தெடுத்துவிட்டு வரும் பெண்ணின் தலையில் விழப்போகிறதா என்று வீட்டில் முதலிலேயே பேசுங்கள். சாணத்து வாயுவில் சாமிக்குப் பொங்கல் வைக்கலாமா என்று பெரியவர்கள் தயங்கினால் அதை ஏளனம் செய்ய வேண்டாம். எரிகிற அடுப்பு ஒன்றைப் போய்ப் பார்த்து, வாடை இல்லை என்று தெரிந்த பிறகு பலரின் தயக்கம் போய்விடும், போகாவிட்டால் அதுவும் அவர்கள் முடிவு. சரிவான நிலத்தில் குழி தோண்டும் முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனை அவசியம்.

ஓடை மின்சாரம். இது தனி வீட்டு வேலையல்ல, தோட்டமும் மக்களும் சேர்ந்து செய்வது. வாய்க்கால் கசிந்து சரிவில் ஊறினால் மண்சரிவுக்கு வழியாகும். கீழ் லயங்களின் குடிதண்ணீர் குறையுமா என்பதையும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும்.

வீட்டிலும் கூட்டத்திலும்

அடுப்பைப் பற்றிய முடிவைச் சமைப்பவர் எடுக்கட்டும். கூட்டத்துக்கு ஐயா போய், படிவத்தில் ஐயா கையெழுத்துப் போட்டு, அடுப்பு மட்டும் அம்மாவுக்கு வந்தால் அது நிலைக்காது. முடிந்தால் ஒரு லயத்தில் ஒரு வீட்டில் முதலில் வைத்து, ஒரு மாதம் சமைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அக்கா சொல்லும் அனுபவம், எங்கள் கையேடு சொல்வதைவிட உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

கூட்டம் பகலில், பிரட்டு நேரத்தில் வைத்தால் கொழுந்தெடுப்பவர்கள் வர முடியாது. மாலையில் வையுங்கள் என்று கேளுங்கள். படிவம் தமிழில் இல்லாவிட்டால் தமிழில் கேளுங்கள். விளங்காத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.

பெரிய மின்திட்டம் ஏதாவது உங்கள் பகுதிக்கு வருவதாகக் கேள்விப்பட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தில் எழுத்தில் விபரம் கேட்கலாம். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படும் திட்டம் என்றால், அந்த அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து ஒரு கடிதமாக எழுதுங்கள். பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினை வந்தால்

- மின்தடை, அறுந்த கம்பி: இலங்கை மின்சார சபை, 1987
- விற்றவர் ஏமாற்றினால், உத்தரவாதத்தை மறுத்தால்: பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, 1977
- மின்சார சபையின் பதில் திருப்தியில்லை என்றால்: இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு
- மண்சரிவு அறிகுறி, அவசர நிலை: அனர்த்த முகாமைத்துவ நிலையம், 117
- எரிகாயம், மின்தாக்கம்: 1990 நோயாளர் காவு வண்டி

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் லயத்தில் முன்பு யாராவது தந்து, இப்போது பாவிக்காமல் கிடக்கும் பொருள் எது? ஐந்து கேள்விகளில் எதை அன்று கேட்டிருந்தால் அது உதவியிருக்கும்?
2. கரண்ட் இல்லாத மூன்று நாட்களில் உங்கள் வீட்டுக்கு முதலில் தேவைப்படுவது வெளிச்சமா, கைபேசியா, சமையலா? ஒவ்வொரு வீடும் தனித்தனியாகச் சொல்லட்டும்.
3. ஒரே கூரையின் கீழ் ஐந்து குடும்பங்கள் இருந்தால், சோலார் தகட்டை எங்கே மாட்டுவது, யார் துடைப்பது, பற்றரிக்கு யார் காசு சேர்ப்பது? மாட்டும் முன் எழுதி வைக்க வேண்டியவை எவை?
4. உங்கள் வீட்டின் இன்றைய நிலையைப் படம் எடுத்துவிட்டீர்களா? கைபேசி இல்லாத வீட்டுக்கு யார் எடுத்துக் கொடுப்பது?